48 ஓட்டு சொல்லும் பாடம்

வெறும் 48 ஓட்டு!

சுமார் 9½ லட்சம் பேர் ஓட்டுப் போட்ட ஒரு பாராளுமன்றத் தொகுதியில் வெற்றியையும் தோல்வியையும் பிரித்த வித்தியாசம் அவ்வளவுதான். காலை நேரத்து மின்சார ரெயிலில் கதவோரம் தொங்கிக்கொண்டு வருகிறவர்களை எண்ணினால்கூட இதைவிட அதிகம் பேர் தேறுவார்கள்.

நடந்தது எங்கோ தூர தேசத்தில் அல்ல. இதே மும்பையில், நாம் குடியிருக்கும் ஜோகேஸ்வரி, கோரேகாவ், அந்தேரி, வர்சோவா, திண்டோஷி பகுதிகள் அடங்கிய வடமேற்கு மும்பைத் தொகுதியில்தான் நடந்தது. 2024-ம் ஆண்டு மே 20-ந்தேதி ஓட்டுப்பதிவு. ஜூன் 4-ந்தேதி எண்ணிக்கை. ரவீந்திர வாய்க்கருக்கு 4 லட்சத்து 52 ஆயிரத்து 644 ஓட்டு. அமோல் கீர்த்திகருக்கு 4 லட்சத்து 52 ஆயிரத்து 596 ஓட்டு.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்திரத்தில் பதிவான ஓட்டுகளை மட்டும் கணக்கிட்டபோது, கீர்த்திகர் 1 ஓட்டு கூடுதலாக வாங்கியிருந்தார். ஆமாம், ஒரே ஒரு ஓட்டு! தபால் ஓட்டுகளையும் சேர்த்தபோது கணக்கு மாறியது. வாய்க்கர் 48 ஓட்டில் ஜெயித்தார். எண்ணிக்கையில் குறை இருப்பதாகக் கீர்த்திகர் ஐகோர்ட்டுக்குப் போனார். 2024 டிசம்பரில் அந்த மனு தள்ளுபடி ஆயிற்று.

யார் ஜெயித்தது நியாயம், யார் தோற்றது அநியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கும் ஒரு கட்சி பிடிக்கும், ஒரு கட்சி பிடிக்காது. அதை ஓட்டுச்சாவடியில் சொல்லியாகிவிட்டது. இங்கே சொல்ல வந்தது வேறு விஷயம்.

அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்

2022-ல் சிவசேனா இரண்டாகப் பிளந்தது. ஏக்நாத் ஷிண்டே ஒரு பக்கம், உத்தவ் தாக்கரே ஒரு பக்கம். வடமேற்கு மும்பையில் அதற்கு முன் எம்.பி.யாக இருந்தவர் கஜானன் கீர்த்திகர். அவர் ஷிண்டே பக்கம் போய்விட்டார். அவருடைய மகன் அமோல், உத்தவ் பக்கம் நின்று போட்டியிட்டார். எதிர்த்து நின்ற வாய்க்கரோ, 2024 மார்ச் மாதம்வரை உத்தவ் கட்சியிலேயே இருந்தவர். நேற்றுவரை ஒரே கொடியைப் பிடித்தவர்கள் எதிரும் புதிருமாக நின்ற தேர்தல் அது.

தலைவர்கள் வீட்டிலேயே பிளவு என்றால் எங்கள் சாலில் கேட்க வேண்டுமா? தமிழர், மராட்டியர், உத்தரப்பிரதேசத்தார் என்று கலந்து வாழும் வரிசை அது. பண்டிகைக்குப் பண்டிகை பலகாரத் தட்டு வீடு மாறிப் போகும். தேர்தல் முடிவு வந்த அன்று இரவு, பத்து வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பக்கம் பட்டாசு. இன்னொரு பக்கம் சாத்திய கதவு. "48 ஓட்டில் ஜெயித்துவிட்டு இவ்வளவு ஆட்டமா?" என்று ஒருவர் கேட்க, "ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான் அண்ணாச்சி" என்று மற்றவர் சொல்ல, கைகலப்பு வரை போய்ப் பெரியவர்கள் விலக்கிவிட்டார்கள்.

அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. மோதிக்கொண்ட இருவருமே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள். தங்கள் கடமையைச் செய்தவர்கள். அவர்கள் எதற்காகச் சண்டை போட வேண்டும்? முடிவைத் தீர்மானித்தவர்கள் வேறு ஆட்களாயிற்றே!

வராதவர்கள் போட்ட ஓட்டு

வடமேற்கு மும்பைத் தொகுதியில் 17 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள் உண்டு. ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு சுமார் 55 பேர். அதாவது ஏழரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஓட்டுச்சாவடிப் பக்கம் வரவே இல்லை. 48 எங்கே, ஏழரை லட்சம் எங்கே!

"யாருக்கும் ஓட்டு இல்லை" என்று பொத்தானை அழுத்தியவர்கள் மட்டும் 15 ஆயிரத்து 161 பேர். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வந்து வரிசையில் நின்று, "எனக்கு எவரும் வேண்டாம்" என்று பதிவு செய்துவிட்டுப் போனார்கள். 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த உரிமை அது. வீட்டில் படுத்துக்கொண்டு, "எல்லாருமே திருடர்கள்" என்று சொன்னவரின் கோபம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நம் தமிழர்களின் கதை இதில் தனிக் கதை. 2024-ல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-ந்தேதி. மும்பையில் மே 20-ந்தேதி. ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, கம்பெனியில் கணக்கு முடிக்கும் வேலை என்று நம்மில் பலர் இங்கே இருந்தோம். மே மாதம் பள்ளிக்கூட விடுமுறை, அம்மன் கோவில் கொடை, கல்யாணம் என்று பலர் ஊரில் இருந்தார்கள். பெயர் ஊரில் இருந்தவர் இங்கே இருந்தார். பெயர் இங்கே இருந்தவர் ஊரில் இருந்தார். இரண்டு இடத்திலும் ஓட்டு விழவில்லை!

ஊரிலும் இதே கதை

"மும்பை அரசியல் நமக்கு எதற்கு? நம் ஓட்டு ஊரில் இருக்கிறது" என்று சொல்பவர்கள் நெல்லை மாவட்டத்து ராதாபுரத்தை நினைத்துப் பார்க்கட்டும். திசையன்விளை, பணகுடி, வள்ளியூர், கூடங்குளம் பக்கத்துக்காரர்கள் மும்பையில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2016-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கு 69 ஆயிரத்து 590 ஓட்டு. தி.மு.க.வின் அப்பாவுக்கு 69 ஆயிரத்து 541 ஓட்டு. வித்தியாசம் 49. இங்கே 48, அங்கே 49. அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதல்லவா?

அங்கேயும் தபால் ஓட்டில்தான் தகராறு. 203 தபால் ஓட்டுகளில், தலைமை ஆசிரியர் கையெழுத்துச் செல்லுமா, செல்லாதா என்று வழக்கு நடந்தது. 2019 அக்டோபரில் சென்னை ஐகோர்ட்டு மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணவும் எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. அந்தச் சட்டசபையின் ஆயுள் 2021-ல் முடிந்தபோதும் தடை நீங்கவில்லை. 2021 தேர்தலில் அப்பாவு 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துச் சபாநாயகரும் ஆனார். ஐந்து ஆண்டுகளாகக் கோர்ட்டில் இழுபறியாகக் கிடந்ததை மக்கள் ஒரே நாளில் முடித்துவைத்தார்கள்.

தாராவியிலும் கோரேகாவிலும் இருக்கும் ராதாபுரத்துக்காரர்களில் ஒரு பெட்டி ஆட்கள் அன்று ரெயில் ஏறிப் போயிருந்தால், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

ஒன்றும் உண்டு, சமமும் உண்டு

48, 49 என்பதே அதிகம் என்று சொல்லும்படியான முடிவுகளும் உண்டு. 2004-ல் கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளித் தொகுதியில் துருவநாராயணா 40 ஆயிரத்து 752 ஓட்டு வாங்கினார். எதிர்த்து நின்ற கிருஷ்ணமூர்த்தி 40 ஆயிரத்து 751. ஒரே ஓட்டில் தோல்வி. 2008-ல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். அப்போது அவர் மாநிலக் காங்கிரஸ் தலைவர். முதல்-மந்திரி பதவிக்குப் பேசப்பட்டவர்.

நம் மும்பையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2017 மாநகராட்சித் தேர்தலில் 220-வது வார்டில் பா.ஜ.க. வேட்பாளருக்கும் சிவசேனா வேட்பாளருக்கும் ஆளுக்கு 5 ஆயிரத்து 946 ஓட்டு. சரிசமம்! கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு சிறுமியை எடுக்கச் சொல்லி, கவுன்சிலர் யார் என்று முடிவு செய்தார்கள். அந்த வார்டில் ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்த ஒருவர் வந்திருந்தால் குலுக்கலுக்கு வேலை இல்லை. தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்க வேண்டியவரைத் திருவுளச் சீட்டு தேர்ந்தெடுத்தது.

பட்டியலில் பெயர் இருந்தால்தான் மனிதன்

"நாம் பிழைக்க வந்தவர்கள். யார் வந்தால் என்ன? நாம் உழைத்தால்தான் சோறு." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உழைத்தால்தான் சோறு என்பது உண்மை. ஆனால் குடியிருக்கும் இடம்?

குடிசை மாற்றுத் திட்டம் வந்தபோது என்ன கேட்டார்கள் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். 1995-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதிக்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். பிறகு அந்தத் தேதி 2000 ஜனவரி 1 என்று மாறியது. பட்டியலில் பெயர் இருந்தவருக்கு அதுவே பெரிய ஆதாரமாக நின்றது. இருபது வருஷம் அதே குடிசையில் இருந்தும் பெயர் சேர்க்காமல் விட்டவர், ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்தார்.

பெயரின் மதிப்பு என்ன என்பதை முதல் பொதுத்தேர்தலே காட்டியது. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்றே சொன்னார்கள். அப்போதைய தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் ஏறாமல் போயிற்று. அந்தப் பெண்கள் பெயர் சொல்லக் கூச்சப்பட்டார்கள். நாம் எதற்குக் கூச்சப்படுகிறோம்?

எங்கே ஓட்டு வைத்துக்கொள்வது?

சட்டம் தெளிவாக இருக்கிறது. நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட முடியாது. இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆகவே, குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டவர், பிள்ளைகளை இங்கே படிக்கவைப்பவர், இங்கேயே பெயரை மாற்றிக்கொள்வது முறை. புதிதாகச் சேர 6-ம் எண் படிவம். ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு மாற்ற 8-ம் எண் படிவம். ஆதார், பாங்கி பாஸ்புக், கியாஸ் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் இப்போதைய முகவரி இருந்தால் போதும். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். முகவரியே இல்லாமல் நடைபாதையில் படுப்பவருக்கும் வழி உண்டு. ஓட்டுச்சாவடி அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்துப் பெயர் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் கமிஷன் விதி.

"ஊரில்தான் இருக்கட்டும், எப்படியும் இருக்கும்" என்று அசட்டையாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ந்தேதி வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் பெரும்பகுதி, வீடு தேடிப் போனபோது ஆள் இல்லாதவர்கள், இடம் மாறிப் போனவர்கள் என்று நீக்கப்பட்ட பெயர்கள். அதில் நம்மவர் பெயர் இருக்கிறதா, இல்லையா என்று இன்றே பாருங்கள். ஊரில் நீக்கி, இங்கே சேர்க்காமல் இருந்தால் இந்த நாட்டில் உங்களுக்கு எங்குமே ஓட்டு இல்லை.

இங்கே இருந்துகொண்டே ஊர்த் தொகுதிக்கு ஓட்டுப் போட முடியாதா என்று கேட்கலாம். ஒரே சாவடியில் 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் போடக்கூடிய எந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் தேர்தல் கமிஷன் அறிவித்தது. அடுத்த மாதம் கட்சிகளை அழைத்துப் பேசியது. பல கட்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை. விஷயம் அத்தோடு நின்றது. அது வரும்போது வரட்டும். இருக்கிற வழியைப் பார்ப்போம்.

உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால்?

சாவடிக்குப் போனால், "உன் ஓட்டு விழுந்துவிட்டது, போய் வா" என்று சொன்னார்கள் என்று திரும்பி வருபவர் உண்டு. திரும்பக் கூடாது. நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால், உங்களுக்குத் தனி ஓட்டுச்சீட்டு தர வேண்டும். இதற்கு டெண்டர் ஓட்டு என்று பெயர். 2018-ல் வந்த 'சர்கார்' படத்தில் பேசப்பட்டதே 49-பி, அதுதான். இந்த ஓட்டு தனி உறையில் வைக்கப்படும். சாதாரணமாக எண்ண மாட்டார்கள். கோர்ட்டு சொன்னால் எண்ணுவார்கள். வடமேற்கு மும்பை வழக்கில் 300-க்கு மேற்பட்ட டெண்டர் ஓட்டுகள் பற்றி வாதம் நடந்தது. 48 ஓட்டு வித்தியாசத்தின் முன் 300 என்பது சிறிய எண்ணா?

லீவு கிடைக்காது என்பதும் ஒரு சாக்கு. ஓட்டுப்பதிவு நாளன்று ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1996 முதல் சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்கும் உண்டு. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். 500 ரூபாய்க்கு எந்த முதலாளி பயப்படுவார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில்கூட, லீவு கேட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். பாதிப் பேர் காலையிலும், பாதிப் பேர் மதியத்திலும் போய் வர அனுமதி கிடைத்தது. ஒருவராகக் கேட்டால் கெஞ்சல். பத்துப் பேராகக் கேட்டால் உரிமை.

தோற்றவர் நாளை ஜெயிப்பார்

கடைசியாக, முடிவு பிடிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1977-ம் ஆண்டு தேர்தலை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த தேர்தல். பிரதமர் இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். மும்பையில் காங்கிரசுக்கு ஓர் இடம்கூட இல்லை. தமிழ்நாட்டிலோ காங்கிரசும் அ.தி.மு.க.வும் சேர்ந்த அணி பெரும்பாலான இடங்களை அள்ளியது. இங்கே இருந்த தமிழன் ஒரு முடிவைப் பார்த்தான். ஊரில் இருந்த அவன் தகப்பனார் வேறு முடிவைப் பார்த்தார். நாடு உடைந்தா போயிற்று? தோற்றவர் நாற்காலியை விட்டு இறங்கினார். மூன்றே ஆண்டில், 1980-ல், அதே மக்கள் அவரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

தேர்தலில் தோற்பது ஒரு தவணை. அடுத்த தவணை நிச்சயம் வரும். ஆனால் அடுத்த வீட்டுக்காரரோடு முறித்துக்கொண்ட உறவுக்குத் தவணை கிடையாது. நடுராத்திரியில் நெஞ்சு வலி என்றால் ஆட்டோ பிடித்து வருகிறவர் எம்.பி. அல்ல, எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

எங்கள் சாலில் இரு தரப்பாரும் இப்போது ஒரு வேலையை ஒன்றாகச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், பதினெட்டு வயது ஆன பிள்ளைகள் யார், பெயர் விடுபட்டவர்கள் யார் என்று ஒரு நோட்டில் எழுதிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. இதை எல்லாச் சாலிலும், எல்லாக் குடியிருப்பிலும் செய்யலாம். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

உங்கள் கட்சி எதுவாகவும் இருக்கட்டும். அடுத்த தேர்தல் தேதியை அறிவித்தவுடன், ஊருக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், அந்தத் தேதியைப் பாருங்கள். அந்த நாளில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் நீங்களும் இருங்கள். அதற்குப் பிறகு முடிவு எப்படி வந்தாலும், "நான் என் ஓட்டைப் போட்டேன்" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.